நாலு பாளைச் சோறு

என் எழுத்து கோழி கிளறிய முற்றம் மாதிரி இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்பை முடிக்கும் முன்பே, நாட்டுச் சண்டையில் மன்னாரை விட்டு வந்துவிட்டோம். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. போன கிழமை இந்த வாரப் பத்திரிகைக்கு அனுப்பிய தாளில் மூன்று இடத்தில் கேள்விக்குறி போட்டு, இது என்ன சொல் என்று பத்திரிகையிலிருந்து கேட்டிருந்தார்கள். மன்னிக்க வேண்டும்.

இந்தக் கிழமை கையெழுத்து இன்னும் மோசமாக இருந்தால் அதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் வலது கையில், பெருவிரலுக்குக் கீழே நான்கு தழும்புகள் இருக்கின்றன. பேனாவை அழுத்திப் பிடித்தால் அந்த இடம் மரத்துப் போகும். அந்தத் தழும்புகள் வந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மீன் தலை கிடைத்த நாள்

காற்றுக் காலம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, தொப்பியைக் கழற்றாமலே நாய்களுக்குச் சோறு வைக்கப் போனேன். அன்று கரைவலையில் மீன் நிறையப் பட்டதென்று மீன்காரர் ஒரு பை நிறையத் தலைகளைச் சும்மா தந்திருந்தார். குறுணல் அரிசியோடு சேர்த்து அவித்து, ஆறவிட்டு, பெரிய அலுமினியப் பேசினில் கொட்டினேன்.

நாலு நாய்களும் நாலு பக்கமும் தலையை விட்டன. சளக் சளக் என்ற சத்தம். அதில் ஒரு நாயின் சத்தம் மட்டும் நின்றது. கலுவா என்ற கறுப்பு நாய், வாயைச் சோற்றுக்குள் வைத்தபடியே அசையாமல் நின்றது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. சின்னன் என்ற குட்டி நாயின் பக்கம் ஒரு தலைகூட இல்லையே என்று, கையிலிருந்த தென்னை மட்டைத் துண்டால் ஒரு மீன் தலையை அதன் பக்கம் தள்ளினேன்.

உறுமல் இல்லை. குரைப்பு இல்லை. பேசின் கவிழ்ந்தது. டொமி என்ற பெரிய நாயின் காது கிழிந்தது. என் கையிலிருந்து ரத்தம் நான் உடுத்திருந்த சாரத்தில் சொட்டியது. இதில் எது முதலில் நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் மனைவி பரீதா கிணற்றடியிலிருந்து ஓடி வந்து வாளித் தண்ணீரை நாய்கள்மேல் வீசினாள். அவை பிரிந்தன.

“நாய்ட சஹனுக்குள்ள கைய உட்டீங்களா?”

“கை இல்ல, மட்டை” என்றேன்.

“கடிச்சது மட்டையையா?”

தோட்டமும் நாய்களும்

நாட்டுச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா என்று எங்கள் ஆட்கள் எல்லா வீட்டிலும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் பரீதாவும் நுரைச்சோலைக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டத்தில் காவலுக்கு இருந்தோம். இன்றும் அங்கேதான் இருக்கிறோம்.

தோட்டம் சிலாபத்து முதலாளி ஒருவருடையது. சிங்களவர், கிறிஸ்தவ வேதக்காரர். தமிழை உடைத்து உடைத்து, ஆனால் பயமில்லாமல் கதைப்பார். எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இரண்டிலும் பயம்.

தேங்காய்த் திருடரைவிட எங்களுக்குக் கழுதைகளால்தான் தொல்லை. ஊர்க் கழுதைகள் கூட்டமாக வந்து தென்னங்கன்றின் குருத்தைக் கடித்துவிட்டுப் போகும். அதனால்தான் நாய்கள்.

டொமி முதலாளி வீட்டில் வளர்ந்து, பிறகு தோட்டத்துக்கு அனுப்பப்பட்டது. அவருக்கு அதன்மேல் தனிப் பிரியம். வெள்ளச்சி தானாக வந்தவள். சின்னன் அவள் குட்டி. வளர்ந்த பிறகும் கால் கட்டையாகவே நின்றுவிட்டது.

கடைசியாக வந்தது கலுவா. ஒரு மழைக்குப் பிறகு வாசல் படலையடியில் நின்றது. கழுத்தில் கட்டியிருந்த கயிறு தோலுக்குள் புதைந்திருந்தது. நான் கயிற்றை அறுக்கும்வரை அசையாமல் நின்றது. பிறகு பரீதா குப்பையில் கொட்டியிருந்த, பால் பிழிந்த தேங்காய்ப்பூவை, மண்ணோடு சேர்த்துத் தின்றது.

ஒரே சஹன்

நாலு நாய்க்கு ஏன் ஒரே பேசின் என்று இப்போது நாய் வளர்ப்பவர்கள் என்னைக் கேட்கக்கூடும். இரண்டு காரணம் இருந்தது.

ஒன்று பரீதா. காவலுக்கு நாய் வைத்திருப்பதை அவள் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் மார்க்கப்படி நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் சேர்த்து. ஆகவே ஒரே ஒரு பேசினைத் தந்து, இதற்குமேல் இந்த வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூட நாய்ப் பக்கம் போகாது என்று சொல்லிவிட்டாள்.

மற்றக் காரணம் நான்தான். அது என் சொந்த மடத்தனம்.

தூரத்து வாசகருக்காகச் சொல்கிறேன். எங்கள் கலியாண வீடுகளில் தனித்தனிக் கோப்பை, அதாவது சாப்பாட்டுத் தட்டு, கிடையாது. பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சியை வைத்து, ஆறு பேர் சுற்றி இருந்து சாப்பிடுவோம். அந்தத் தட்டுத்தான் சஹன். நல்ல துண்டு நம் பக்கம் வந்தால் அடுத்தவர் பக்கம் தள்ளி வைப்பது மரியாதை.

என் வாப்பாவும் பெரிய மாமாவும் ஒரு சைக்கிள் விஷயத்தில் மூன்று வருஷம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். தில்லையடியில் ஒரு கலியாணத்தில் யாரோ வேண்டுமென்றே இருவரையும் ஒரே சஹனில் இருத்திவிட்டார்கள். வாப்பா சோற்றைப் பார்த்தபடியே சாப்பிட்டார். பாதியில் மாமா ஈரல் துண்டொன்றை ஒரு விரலால் மெல்ல வாப்பா பக்கம் தள்ளினார். வாப்பா அதை எடுத்துத் தின்றார்.

கை கழுவப் போகும்போது வாப்பா கேட்டார்: “சைக்கிள் எப்புடி மச்சான், ஓடுதா?”

சண்டை அவ்வளவோடு முடிந்தது. பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அது பெரிய அதிசயம். சேர்ந்து தின்றால் பகை போகும் என்று அன்று மனதில் பதிந்துவிட்டது. கலுவா வந்ததும் மற்ற மூன்றும் அதை அண்டவிடவில்லை. சரி, ஒரு சஹனில் விட்டால் ஒற்றுமையாகிவிடும் என்று நினைத்தேன்.

கலுவா முதல் நாளே உறுமியது. உறுமும்போதெல்லாம் மட்டைத் துண்டால் அதன் முதுகில் ஒன்று வைத்தேன். ஒரு கிழமையில் உறுமல் நின்றுவிட்டது.

“பாத்தியா, திருந்திட்டுது” என்று பரீதாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

திருந்தவில்லை. கடிப்பதற்கு முன்னால் சொல்லும் பழக்கத்தைத்தான் நான் அடித்து நிறுத்தியிருந்தேன்.

ஆஸ்பத்திரித் துண்டு

காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் குழாயில் நெடுநேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்குள் சாரத்தைப் பரீதா ஏழு தரம் கழுவிக் காயப்போட்டிருந்தாள். மிஸ்ஸி என்று நாங்கள் சொல்லும் தாதி ஊசி போட்டுவிட்டு நாயைப் பற்றிக் கேட்டார். அதற்குத் தடுப்பூசி போட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

“அப்ப நாயை விரட்டவும் வேணாம், அடிச்சுக் கொல்லவும் வேணாம். கட்டிப் போட்டு பதினாலு நாள் பாருங்க. ஏதாவது மாத்தம் தெரிஞ்சா உடனே வாங்க” என்று சொல்லி, அதை ஒரு தாள் துண்டிலும் எழுதித் தந்தார்.

மறுநாள் காலை முதலாளி வந்தார். டொமியின் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். எங்கள் ஆட்களை அண்ணன் என்ற அர்த்தத்தில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்.

“நானா, இந்தக் கறுவல் சரி வராது. இன்னைக்கு லொறி எலுவன்குளம் பக்கம் போகுது. ஏத்தி விடுங்க. காட்டோரத்துல எறக்கினா எப்படியும் பொழைக்கும்.”

காட்டோரத்தில் என்ன பிழைக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரித் துண்டை எடுத்து நீட்டினேன்.

அவர் வாசித்தார். “பதினாலு நாளா? ஹரி, சரி. போயாவுக்கு லீவுதானே, குடும்பத்தோட வருவேன். அன்னைக்கும் சண்டைன்னா அன்னைக்கே லொறி.”

போயா என்பது பௌர்ணமி விடுமுறை. நான் தலையை ஆட்டினேன்.

அவர் போனதும் பரீதா, “வாய் எங்க, கடப்பாசியில சிக்கிட்டுதா?” என்று கேட்டாள். கடப்பாசி என்பது கடலில் எடுத்துக் காய்ச்சுகிற பாசி. தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். என்னிடம் சொற்களும் அப்படித்தான் உள்ளே போய்விடுகின்றன.

பாளை

கலுவாவைத் தோட்டத்தின் வடக்கு மூலையில், நிலக்கரி ஆலையின் புகைக்கூண்டு தெரிகிற இடத்தில், கடைசித் தென்னையில் கட்டினேன். சோறு எதில் வைப்பது என்ற கேள்வி வந்தது. இரண்டாவது பேசின் கேட்க எனக்குத் துணிவில்லை.

கேட்காமலே பரீதா காலால் காட்டினாள். தென்னம்பாளை ஒன்று காய்ந்து விழுந்து கிடந்தது.

“அந்தா கிடக்கு, வள்ளம் போல. அதுல போடுங்க. திண்டு முடிஞ்சா குப்பையோட எரிக்கலாம். கழுவுற வேலையும் இல்ல.”

பாளை ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் தேங்காய்ப் பொச்சுமட்டை வைத்தேன். முதல் நாள் கலுவா மூச்சு விடாமல் விழுங்கியது. இரண்டாம் நாளும் அப்படித்தான். நாலாம் நாள் என்று நினைக்கிறேன், பாதிச் சோற்றில் தலையை நிமிர்த்திக் காற்றை மோந்து பார்த்தது. பிறகு குனிந்து மீதியைத் தின்றது.

தின்னும்போது அந்த நாய் தலை நிமிர்ந்ததை அன்றுதான் முதல் தடவை கண்டேன்.

அதே நாளில் இன்னொன்றையும் கண்டேன். கலுவா அவ்வளவு தூரத்தில் கட்டிக் கிடக்க, பேசினடியில் டொமி வெள்ளச்சியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. சின்னன் கிட்டவே வராமல் வேலியோரத்தில் நின்றது. சண்டை கலுவாவோடு போகவில்லை. அது பேசினடியிலேயே இருந்தது.

அடுத்த நாள் பேசினைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாலு பாளை எடுத்தேன். ஒன்றிலிருந்து மற்றதைப் பார்க்க முடியாதபடி நாலு தென்னை. கலுவாவுக்குப் புகைக்கூண்டு மரம். டொமிக்குப் படலை மரம். வெள்ளச்சிக்குக் கிணற்றடி மரம். சின்னனுக்கு வீட்டுக்குப் பின்னாலிருந்த வளைந்த மரம்.

தினமும் அதே நேரம், அதே வரிசை. கலுவாவுக்குத்தான் முதலில். மற்றவற்றுக்குச் சோறு போகும்வரை காத்துக்கொண்டு நிற்க அதற்கு முடியாது.

அதிலும் பிழை விட்டேன். கலுவா தின்று முடித்ததும் பாளையை எடுக்கப் போனேன். அது கல்லாக நின்றது. ஆனால் இந்த முறை தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. உறுமல் திரும்பி வந்துவிட்டது.

எனக்குப் பயமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. அடிக்கவில்லை. இரண்டு எட்டுப் பின்னால் போனேன். அன்றிலிருந்து கலுவா தள்ளிப் போய்ப் படுத்த பிறகும், மற்றவை தண்ணீர்த் தொட்டிக்குப் போன பிறகும்தான் பாளைகளை எடுத்தேன். அதோடு, கலுவா தின்றுகொண்டிருக்கும்போது தூரத்தால் போகிறபோக்கில் ஒரு மீன் துண்டைப் பாளைக்குள் எறிந்துவிட்டுப் போனேன். எதையும் எடுக்க வரவில்லை, கொடுக்கத்தான் வருகிறேன் என்று அதற்கு வேறு எப்படிச் சொல்வது? சில நாளில் என் காலடிச் சத்தம் கேட்டால் வால் ஒரு பக்கமாக அசைந்தது.

மாமாவின் ஈரல் துண்டைப் பற்றி அப்போதுதான் சரியாக யோசித்தேன். மாமா தள்ளியது தன் பக்கத்தில் இருந்ததை, தானாக. நான் தள்ளியது இன்னொருவர் வாயடியில் இருந்ததை.

என் கோப்பை

இந்த இடத்தில் பரீதா சொன்ன ஒன்றை எழுதாமல் விட்டால் அவள் இதை வாசிக்கும்போது கேட்பாள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே இருந்து என்னையே பார்த்தவள் சிரித்தாள்.

“என்ன?”

“உங்கட இடது கையப் பாருங்க.”

பார்த்தேன். கை கோப்பையைச் சுற்றி வேலி மாதிரிக் கிடந்தது.

“கலியாணம் முடிச்ச நாள்லேந்து பாக்குறன். நான் ஒரு பொரியல் துண்டை எடுத்தா நீங்களும் ஒரு உறுமல் உறுமுவீங்க.”

மன்னாரிலிருந்து வந்த புதிதில், ஓலைக் கொட்டில்களில் அகதிகளாக இருந்தபோது, பெரிய கிடாரத்தில் சமைத்துப் பிள்ளைகளுக்கு வரிசையில் தருவார்கள். நான் கூச்சக்காரன். இரண்டாம் தரம் கேட்க வாய் வராது. கிடைத்ததை யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. பசி போய் எவ்வளவு காலம்! கை இன்னும் அங்கேயே இருக்கிறது.

அன்று கையை எடுத்து மடியில் வைத்தேன். பரீதா ஒரு கத்தரிக்காய்ப் பொரியலை எடுத்துத் தின்றாள். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

போயா நாள்

பதினாலு நாள் முடிந்து, கலுவாவுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்து, அவிழ்த்துவிட்டேன். சோற்று நேரத்தில் அது தானாகப் புகைக்கூண்டு மரத்தடிக்குப் போய் நின்றது.

அப்போதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. போயாவுக்கு முதல் நாள் ஒரு காகம் மீன் முள்ளொன்றை நடு முற்றத்தில் போட்டது. கலுவாவும் டொமியும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. பரீதாவின் வாளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் காது தப்பியது. மரத்தடியில் இருந்த அமைதி நடு முற்றத்தில் இல்லை. மறுநாள் முதலாளி வந்து உட்காரப்போவது அதே முற்றத்தில்தான்.

“முதலாளி, கலுவா இருக்கட்டும், நான் பாத்துக்கொள்ளுறன்.” இந்த ஒரு வசனத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் பல நாளாகத் தென்னைகளிடம் சொல்லிப் பழகியிருந்தேன்.

“தென்னைக்குச் சொல்லி என்ன? தென்னையா அதை லொறியில ஏத்தப் போகுது?” என்பாள் பரீதா.

முதலாளி மனைவி பிள்ளைகளோடு வந்தார். பின்னாலேயே லொறியும் தேங்காய் ஏற்ற வந்து படலையடியில் நின்றது. அவர்கள் முற்றத்தில் பாய் விரித்து, கொண்டுவந்த சோற்றுப் பார்சல்களைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். நாய்கள் தூரத் தூர நிழலில் கிடந்தன. டொமியின் காது ஆறியிருந்தது. முதலாளி அதைப் பார்த்துத் தலையாட்டினார். நான் வசனத்தை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன்.

சாப்பிட்டு முடிந்ததும், எல்லாருடைய மிச்சச் சோற்றையும் பொரித்த பாரை மீன் துண்டுகளையும் முதலாளி ஒரே தாளில் சேர்த்தார். எழுந்தார். நடு முற்றத்துக்கு நடந்தார்.

“ச்சூ, ச்சூ! எல்லாம் வாங்க!”

நாலும் எழுந்தன. கலுவாவின் உடம்பு விறைத்ததை நான் கண்டேன். அவர் தாளை விரித்துக்கொண்டு குனிந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய சின்ன மகள் நின்றாள்.

“எப்பா!”

வேண்டாம் என்பதற்குச் சிங்களத்தில் அதுதான் சொல். அதைக் கத்தியவன் நான் என்று எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. பாயில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லொறிக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். முதலாளி குனிந்தபடியே நின்றார்.

நான் போய் அவர் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டேன். தந்தாரா, நான் பிடுங்கினேனா, தெரியாது. வடக்கு மூலையைப் பார்த்து நடந்தேன். கலுவா எனக்கு முன்னால் ஓடிப் போய்ப் புகைக்கூண்டு மரத்தடியில் நின்றது. அதன் பங்கை வைத்துவிட்டுத் திரும்பினேன். டொமி படலை மரத்தடியில் நின்றது. வெள்ளச்சி கிணற்றடியில். சின்னனைக் காணவில்லை. வீட்டுக்குப் பின்னால் போனேன், வளைந்த மரத்தோடு ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டியது.

முற்றத்துக்குத் திரும்பி வந்தேன். முதலாளி இடுப்பில் கை வைத்து, ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நானா எத்தனையாம் வகுப்பு?”

“அஞ்சு. அதுவும் முடிக்கல்ல.”

“பல்லோ நாலும் கூடப் படிச்சிருக்கு போல” என்றார். பல்லோ என்றால் நாய்கள். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அப்போதாவது நான் அந்த வசனத்தைச் சொல்லியிருக்க வேண்டும். “மொதலாளி...” என்று தொடங்கினேன். மீதி கடப்பாசியாக வழுக்கி உள்ளே போய்விட்டது. அவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு லொறிப் பக்கம் போனார். லொறிக்காரரிடம் ஏதோ கதைத்தார். எனக்குக் கேட்கவில்லை. கலுவாவின் கழுத்தில் கயிறு போடச் சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

லொறி தேங்காய்களோடு மட்டும் புறப்பட்டது.

முதலாளி தன் காரைத் திறந்து, மிஞ்சிக் கிடந்த ஒரு இறாத்தல் பாண் ரொட்டியை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

“இந்தாங்க. நாலாப் பிரிச்சுக் குடுங்க.”

நாலு என்றுதான் சொன்னார். பரீதாவும் கேட்டாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றவள், ‘நாலு’ என்ற சொல் இரண்டு தரம் காதில் விழுந்ததாக இன்றும் சொல்வாள்.

வெள்ளச்சி இப்போது இல்லை. கிணற்றடி மரத்தில் வேறொன்று தின்கிறது. கலுவாவுக்கு முன்பல் போய்விட்டது, முகத்தில் நரை விழுந்துவிட்டது. புகைக்கூண்டு மரத்துக்குக் கிட்ட யாராவது போனால் இன்னும் உறுமும். உறுமட்டும். நாங்கள் இரண்டு எட்டுத் தள்ளிப் போவோம்.

அன்று தொண்டைக்குள் போன வசனத்தை முதலாளியிடம் இதுவரை நான் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. யாராவது வாசித்துச் சொன்னால் சரி: முதலாளி, கலுவா இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

எழுதி முடித்தது: நோன்புக்கு முந்தின மாதம், கடைசி வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு. நாலு பாளையும் வைத்தாயிற்று.